பின்னால் நின்று கதை சொன்னவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் அலுமாரிக்குள் உட்கார்ந்து பேசுவேன். ஜெர்மனிக்கு வந்த பிறகு பழகிய பழக்கம் இது. குளிர்காலக் கோட்டுகள் நெருக்கமாகத் தொங்கும் அந்த இடத்தில் குரல் எதிரொலிக்காது. ஒலிப்பதிவுக்கு அதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் இல்லை. கதவை உள்ளிருந்து இழுத்துக்கொண்டு, மைக்கை மடியில் வைத்து, தமிழில் பேசி முடித்துவிட்டு வியர்வையோடு வெளியே வருவேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஜெர்மன் அம்மையார் ஃபிராவ் ஹோல்ட்ஸ் ஒரு நாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, ஞாயிறுதோறும் நான் பிரார்த்தனை செய்கிறேனா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். இல்லை, விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "ஆ, ஃபுஸ்பால்" என்று தலையாட்டினார். கால்பந்து இல்லை, வீடியோ கேம், அதில் உள்ள கலையைப் பற்றி என்று விளக்கினேன். "பிரார்த்தனை என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் முறைப்பாடு செய்யாமல் இருந்தேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அமைதியைக் குலைப்பதை இந்த நாட்டில் யாரும் சும்மா விடுவதில்லை. அன்றிலிருந்து குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன். நிறுத்தவில்லை.

வீடியோ கேமைக் கலையாக எடுத்துப் பேசும் பாட்காஸ்டுகளை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். எதை எந்த மாதத்தில், எந்த ஷிஃப்டுக்குப் போகும்போது கேட்டேன் என்று குறித்து வைப்பதும் உண்டு. சின்ன வயதிலிருந்தே திகதி போடாமல் எனக்கு எதையும் நினைவில் வைக்கத் தெரியாது. கேட்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு, ஊரில் இருந்தாலும் என்னைப் போல வெளியே கிடந்தாலும், ஒரு வழி சொல்கிறேன். ஒரு கேமுக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுகிறவர்களை விட்டுவிடுங்கள். எந்த மெஷின் வேகமானது என்று சண்டை பிடிக்கிறவர்களையும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு அதைவிட்டு நகர மறுக்கிறவர்களைத் தேடுங்கள். எனக்குப் பிடித்த ஒன்றில், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் கேம்களில் வரும் வீடுகளுக்குள் மெதுவாக நடந்துகொண்டே பேசுகிறார். யாருக்கும் தேவைப்படாத ஒரு படிக்கட்டை ஏன் கட்டி வைத்தார்கள் என்று அவர் ஒரு முழு நிகழ்ச்சியும் யோசித்தபோது, நான் இறங்க வேண்டிய ட்ராம் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இன்னொன்றை ஸ்கொட்லாந்துப் பெண்கள் இருவர் நடத்துகிறார்கள். அவர்களுக்குச் சத்தங்கள்தான் எல்லாம். கதவு திறப்பதற்கு முன் வரும் மௌனத்தைப் பற்றி அவர்கள் பேசக் கேட்ட பிறகு, வேலைக்குப் போகும் மருந்துக் களஞ்சியத்தின் கதவைக்கூட நான் வேறு மாதிரித் திறக்கிறேன்.

அந்த இரண்டு பெண்கள்தான் என் தலையில் கல்லைப் போட்டவர்கள். சென்ற மார்கழியில், ஜப்பானில் செய்யப்பட்ட ஒரு பழைய கேமை அவர்கள் எடுத்துப் பேசினார்கள். கடல் வற்றிப்போன ஒரு தீவில், கையில் விளக்கோடு ஒரு பெண் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குரல் கேட்கும். கேட்டவுடனே தெரிந்துவிட்டது, இது எங்கள் கேம். மனிதனுக்குச் சொந்த ஊர்க்காரனைக் கண்டால் வருமே, அந்தச் சந்தோஷத்தோடு கேட்டேன். அவர்கள் கதையைச் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. அவள் ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியாம். கதவுகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே இறந்தவர்களாம். ஒவ்வொரு வீட்டிலும் எரியும் விளக்கை அணைத்து அவர்களை அனுப்பி வைக்கத்தான் அவள் நடக்கிறாளாம். நான் ட்ராம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த கதையில் ஒருவரும் சாகவில்லை. அவள் குவைத்திலிருந்து திரும்பி வந்து தன் வீட்டைத் தேடுகிறவள்.

பள்ளியில் ஏ.எல். படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு டியூஷனுக்கு வருவேன். வகுப்பு முடிந்து கடைசி பஸ் வரும் வரைக்கும் போவதற்கு ஓர் இடம் இருந்தது. மார்க்கெட் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தையல் கடைக்கு மேல், ரியாஸின் நானா, அதாவது அவன் அண்ணன், நடத்திய கேம் கடை. ரியாஸ் அக்குறணைக்காரன், என் வகுப்பு. ஒட்டுப்போட்ட கொன்ட்ரோலர்கள், நாலைந்து டீவி, உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகள், எங்கிருந்தோ கொப்பி அடித்து வந்த டிஸ்க்குகள். பாதி டிஸ்க்குகள் ஜப்பான் மொழியில் இருந்தன. கடையில் யாருக்கும் ஓர் எழுத்துத் தெரியாது. விளையாடுகிறவன் ஒருத்தன், பின்னால் நின்று பார்க்கிறவர்கள் பத்துப் பேர். விளையாடுகிறவனுக்குக் கையில் வேலை. வாய் திறக்க மாட்டான். அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கதிரைக்குப் பின்னால் நிற்கிறவர்களில் ஒருத்தன், திரையில் என்ன நடக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு சிங்களப் பையன் படியேறி வந்து "மொகத வென்னே?", என்ன நடக்கிறது, என்று கேட்டால் அவனுக்குச் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். மோசமாகச் சொன்னால் "நீ மூடு, படத்தப் பாக்க விடு" என்று பிடரியில் தட்டு விழும். நன்றாகச் சொன்னால் கூட்டம் நிற்கும். கூட்டம் நின்றால் அடுத்த ஆள் விளையாட உட்காருவான். ஆகவே நன்றாகச் சொல்கிறவனை நானா உள்ளே விடுவார், காசு ஒன்றும் கேட்க மாட்டார். அப்படி உள்ளே விடப்பட்டவன் நான். அந்தக் கடையில் நான் விளையாடியது குறைவு, சொன்னது அதிகம்.

விளக்குக்காரியின் கதையைச் சொன்னவனும் நான்தான். அப்போது என் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். நான் யோசித்துச் செய்யவில்லை. திரையில் ஒரு பெண் இருட்டில் விளக்கைத் தூக்கிக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டத்து லயத்தில் வரிசை வரிசையாக அறைகள், எல்லாக் காம்பராக் கதவும் ஒரே மாதிரி இருக்கும், பல வருடம் கழித்து வருகிறவளுக்கு எது தன் வீடு என்று எப்படித் தெரியும், நம்பரைப் பார்க்கத்தான் விளக்கு என்று சொன்னேன். பின்னால் நின்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை இன்னொருத்தன் சேர்த்தான்: உள்ளேயிருந்து கேட்கிற குரல் பிள்ளைகளுடையது, அவர்களுக்கு அவள் குரல் மறந்துபோச்சு, அதனால்தான் திறக்கவில்லை. மெமரி கார்ட் இல்லாததால் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து விளையாட வேண்டும். அவள் கடைசிக் கதவுக்குப் போகும் முன் எனக்குக் கடைசி பஸ் வந்துவிடும், நானாவும் கடையைப் பூட்டிவிடுவார். முடிவை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தக் கதை எங்களுடைய கற்பனை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டிஸ்க்கில் இருப்பதையே சொல்கிறோம் என்று நம்பினோம்.

ட்ராமிலிருந்து இறங்கி ரியாஸுக்கு அழைத்தேன். அவன் இப்போது அக்குறணையில் மாத்தளை ரோட்டோரம் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்ப நாங்க இவ்வளவு நாளும் மௌத்தான ஆக்கள்ட கதவயா தட்டிட்டு ஈந்த?" என்றான். அவன் ஊர்த் தமிழில் மௌத்து என்றால் மரணம், 'இருந்த' என்பது 'ஈந்த', 'சொல்லு' என்பது 'செல்லு'. பிறகு, "மச்சான், எங்கட கத நல்லம்டா" என்றான். எங்கள் பாட்காஸ்ட் அப்படித்தான் தொடங்கியது. நான் அலுமாரியிலிருந்து, அவன் கடையிலிருந்து. முதல் நிகழ்ச்சியில் உண்மைக் கதையை ஒளிக்காமல் சொன்னோம். பிறகு கண்டிக் கதையைச் சொன்னோம். கேட்டவர்கள் எங்கள் நண்பர்கள் மட்டும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்துக்கு இணைய வானொலி ஒன்று உண்டு. ஐரோப்பா முழுக்கத் தமிழ் வீடுகளில் சனிக்கிழமை அதைப் போடுவார்கள். பொறுப்பாக இருப்பவர் சபேசன் அண்ணர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அரை மணித்தியாலம் தருவதாக அவரே சொன்னார். நிகழ்ச்சியை அனுப்பினேன். சங்க மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, கேட்டன். நல்லாத்தான் கிடக்கு. ஆனா ரெண்டு விசயம். ஒண்டு, கதை அது இல்லையெண்டு நீரே சொல்லுறீர். பிழையெண்டு தெரிஞ்ச கதையைப் பிறகேன் சனத்துக்குச் சொல்லுவான்? சரியான கதையை மட்டும் சொல்லும்."

"மத்தது என்னாங்க அண்ணே?"

"உம்மட கூட்டாளி. அந்தாள் கதைக்கிற தமிழ் இஞ்ச ஆருக்கு விளங்கும்? போதாக்குறைக்குப் பின்னால பஸ் ஹோர்ன். நீர் தனியச் செய்யும்."

"எனக்கு விளங்குதுங்களே."

"நீர் மலையகம். உமக்கு எல்லாம் விளங்கும்" என்று சிரித்தார். பிறகு உண்மையான அக்கறையோடு சொன்னார்: "இல்லாட்டித் தேயிலையைப் பற்றி ஒண்டு செய்யுமன். அது உங்கட விசயம். சனம் அழுது அழுது கேக்கும்."

"நான் கொழுந்து பறிச்சதில்லீங்க அண்ணே. கேம் கடையிலதான் நின்னேன்."

ஜெர்மன்காரர் என்னிடம் தேயிலையைக் கேட்பார், பழகிவிட்டது. தமிழரும் அதையே கேட்கிறார்கள். எங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட விசயம் ஒன்று இருக்கிறதாம், கண்ணீரோடு கேட்கத் தக்கதாக. பாட்டுக்கும் கூத்துக்கும் பக்கத்தில் கேம் வைக்கத் தகுந்த பொருள் இல்லை என்று நினைப்பவர்களோடு நான் வாதாடலாம். எங்களுக்குக் கலையைப் பற்றிப் பேசும் வாயே கிடையாது, சோகத்தைப் பற்றிப் பேசும் வாய்தான் உண்டு என்று நினைப்பவர்களோடு என்னத்தை வாதாடுவது?

சித்திரைப் புதுவருட லீவுக்கு ஊருக்குப் போனேன். அம்மா இப்போது பன்விலையில் என் தங்கையோடு இருக்கிறார். விளக்குக்காரியின் கதையை அப்போதுதான் முதல் தடவை அவரிடம் சொன்னேன். உளுந்து அரைத்துக்கொண்டே கேட்டவர், "எனக்கு எதுக்குடா வெளக்கு? ஏஜென்ட்டு வேன்லயே கொண்டாந்து வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போனான்" என்றார். கொஞ்சம் கழித்து, "நீதான் கதவத் தொறக்க வரல. டியூஷன் போயிட்டன்னாங்க" என்றார். அது ஒரு சனிக்கிழமை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு, அக்குறணைக்குப் போனேன். ரியாஸ் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான். நான் உட்காருவதற்குள் சொன்னான்: "மச்சான், யோசிச்சிப் பாத்தேன். நீ மட்டும் பேசு. எண்ட பேச்சு வேணாம். அவங்க செல்ற கதயவே செல்லு."

"ஏன்டா?"

"நானா லண்டன்ல அந்த ரேடியோவ ஒவ்வொரு சனிக்கிழமையும் போடுற. ஃபைல அனுப்பினா 'பொறகு கேக்குறேன்'னு செல்லுவார், கேக்க மாட்டார். ரேடியோல வந்தா கேப்பார். அவர்ட கடைய பத்தி ஒரு ஆள் பேசினதுன்னு ஈக்கட்டுமே."

"நீ இல்லாம அவர் கடைய பத்தி நான் என்னன்னு பேசுறது?"

"நீதானே அங்க பேசினது. நான் எப்பவும் கதிரைல ஈந்தவன்."

"கதிரையில ஒருத்தன் இருந்ததாலதான் பின்னால ஒருத்தன் பேசினான்" என்றேன். "உன்ன எடுத்துட்டா நான் அலுமாரிக்குள்ள தனியாப் பேசுற பைத்தியக்காரன். பக்கத்து வீட்டுக்காரி அத ஏற்கெனவே நினைச்சிட்டா."

அவன் போனில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் அவன் முன்னாலேயே சபேசன் அண்ணருக்கு அழைத்தேன். ஒரு சொல்லும் மாற்றப்போவதில்லை, அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"பிடிவாதக்காரன் தம்பி நீர். சரி, சங்கம் ஒத்துக்கொள்ளாது. நீங்களே வெளியால விடுங்கோ." பிறகு, "நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றார்.

"கேளுங்க."

"அந்தப் பொம்பிளை வீட்டைக் கண்டு பிடிச்சவவோ?"

"எந்தப் பொம்பளைங்க?"

"குவைத்தால வந்தவ."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ரியாஸ் தலையை நிமிர்த்தினான். நாங்கள் கடைசிவரை விளையாடியதில்லை, தெரியாது என்றேன். "அப்ப போய் விளையாடிப் பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

கேம் அண்மையில் மறுபடி வெளியாகியிருந்தது. என் லாப்டொப்பில் இருந்தது. ஜெர்மனியில் வாங்கியதால் எழுத்தெல்லாம் ஜெர்மனில்தான் வரும். ரியாஸ் கொன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மைக்கை மேசையில் வைத்து, ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டோம். பஸ் ஹோர்ன் உள்ளே வரட்டும் என்று அவன்தான் சொன்னான். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். எனக்கும் ஒரு கதிரை போட்டான்; நான் உட்காரவில்லை. கடல் வற்றிய தீவு வந்தது, கதவுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில், நாங்கள் ஒரு நாளும் பார்த்திராத கடைசிக் கதவுக்கு முன்னால் அவள் வந்து நின்றாள்.

திரையின் அடியில் ஒரு வரி ஜெர்மனில் ஒளிர்ந்தது. விளக்கை அணை என்று அர்த்தம். ரியாஸின் பெருவிரல் பட்டனுக்கு மேல் நின்றது.

"என்ன மச்சான், செல்லேன்" என்றான். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "எழுதி ஈக்கிறத செல்லாத. நடக்கிறத செல்லு."

கடைக்குள் நின்றவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். அந்த ஜெர்மன் வரியிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அது தானாகவே எனக்குப் புரிந்துகொண்டிருந்தது. அதை வாசித்துக்கொண்டே, மடுல்கெல்லத் தமிழில், உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளை எடுக்கிற சத்தம் கேக்குதுன்னு சொல்லத் தொடங்கினேன்.