வருஷத்துக்கு ஒருநாள் மனைவி

காலையில் தையல் கம்பெனியில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சேதி வந்தது, கண்டியக்கா தவறிவிட்டார் என்று. உடலை ஒப்படைக்கக் கையெழுத்து வேண்டுமென்று பிரிந்துபோன கணவரை ஆஸ்பத்திரிக்காரர்கள் தேடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவர் பெயர் செல்வராணி. இலங்கையில் கண்டிக்குக் கடை வேலைக்குப் போன ராஜபாளையத்துக்காரரைக் கட்டிக்கொண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தவர். நைட்டிக்குக் கழுத்து தைப்பதில் எங்கள் கம்பெனியில் அவரை மிஞ்ச ஆளில்லை. வந்த சில வருஷத்திலேயே கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் போய்விட்டார். கண்டியிலோ அக்காவின் வீடு கலவரத்தில் எரிந்துபோயிருந்தது. வெளிநாட்டுக்காரி என்பதால் இங்கே தங்குவதற்கு வாங்க வேண்டிய அனுமதியோ அந்தக் கணவரை நம்பித்தான். வருஷாவருஷம் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசாங்க ஆபீசுக்கு வந்து, "எங்கூடத்தான் இருக்கா" என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கு மட்டும் அக்கா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, தாலி வெளியே தெரிய ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவார். ஒருமுறை நானும் துணைக்குப் போனேன். "ஏட்டி, செத்த நேரம் சிரிச்ச மொகமா நில்லு" என்று அந்த மனிதர் அதட்டினார். அக்கா சிரித்தார். திரும்பும்போது பூவைப் பிய்த்து பஸ் ஜன்னல் வழியே எறிந்தார்.

"இந்த ஊரு நாய்க்குக்கூட ராஜபாளையம்னு ஊர்ப்பேரு கெடைச்சிருக்கு. நான் எம்புட்டு வருசம் கெடந்தாலும் கண்டிக்காரிதான்" என்றார்.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாலியைக் கழற்றி வைத்தார். பிரிந்துவிட்டோம், என் பேரிலேயே அனுமதி கொடுங்கள் என்று மனுப் போட்டார். எந்த மேசைக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "வீட்டுக்காரர் வரலியா?" சே, அதையே எத்தனை பேர் கேட்டார்கள்! சாகும்வரை அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை.

கடைசியில் அதே மனிதர் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் உடலை வாங்கினார். கையோடு புதுச்சேலையும் மஞ்சள் கயிறும் கொண்டுவந்திருந்தார். புருஷன் இருக்கும்போது போனவரை சுமங்கலியாகத்தான் அனுப்ப வேண்டுமாம். கயிற்றை அக்காவின் கழுத்தில் கட்டியும் விட்டார். "கொடுத்துவச்ச மகராசி" என்று பெண்கள் அக்காவின் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். கூட்டத்தை விலக்கிப் போய், அந்தக் கயிற்றை வெட்டி எடுத்தேன்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்று கத்தினார்கள். கத்தட்டும்.

போய் வாருங்கள் அக்கா. இந்தத் தடவை யாரையும் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம்.