அண்ணனோடு உண்ட வரி

காரோ, அரசர்களின் கல்லறைச் சுவர்களில் எழுத்து வரைபவன். ஓய்வு நாட்களில் தன் கல்லறைக்கு வரைவான். எங்கள் ஊர் ஆண்களுக்கு ஓய்வு என்றால் அதுதான்; வேறு போக்கிடம் கிடையாது.

கல்லறையில் நாம் பேசுகிற பேச்சை எழுத முடியாது. செத்தவர்களை விசாரிக்கும் தெய்வமான ஒசைரிசுக்குப் பழைய மொழிதான் பிடிக்குமாம். அதில் வினைச்சொல்லின் பின்னால் ஒரு நீரலை வரைந்துவிட்டால் அந்தக் காரியம் முடிந்தது என்று பொருள். 'பசித்தவனுக்கு ரொட்டி கொடுத்தேன்', ஒரு அலை. 'ஆடையற்றவனுக்கு ஆடை கொடுத்தேன்', இன்னொரு அலை. காரோ வாழ்நாளில் கொடுத்த ஒரே ஆடை மைத்துனனுக்குப் போன கிழிசல். அதற்கும் கூசாமல் அலை போட்டான்.

அடுத்த வரியில் தூரிகை நின்றுவிட்டது: 'என் அண்ணனோடு அமர்ந்து உண்டேன்.'

அண்ணன் இபூயும் எழுத்து வரைபவன்தான். காரோவிடம் இரவல் வாங்கிய கழுதையை நொண்டியாகத் திருப்பி ஓட்டி வந்தான். அன்றோடு பேச்சு நின்றது. வேலையில் தம்பி இடப்பக்கச் சுவர் ஆள், அண்ணன் வலப்பக்கச் சுவர் ஆள். ஒரே கல்லறைக் குகைக்குள் முகம் பார்க்காமலே வருடங்களை ஓட்டினார்கள். கழுதைகூடச் செத்துப் போயிற்று. மனத்தாங்கல் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

"சும்மா போட்டு விடுங்க. மத்ததெல்லாம் மட்டும் நெசமாக்கும்?" என்றாள் மனைவி வாபெத்.

"செத்தப்புறம் நெஞ்ச எடுத்துத் தராசுல வைக்கிறப்போ அது பேசிடும்டி. கிழிசல் துணிக்கு வாய மூடிக்கிட்டு இருக்கும். இதுக்கு இருக்காது."

"அப்ப போய்ச் சாப்பிட்டுட்டு வந்து எழுதுங்க."

சூடான ரொட்டியும் வெங்காயமும் கட்டிக் கொடுத்தாள்.

மூட்டையோடு வரும் தம்பியை இபூய் ஏற இறங்கப் பார்த்தான்.

"எந்த வரில நிக்குது?"

"உங்க வரிலதாண்ணே."

"அதானே. சொவரு அனுப்பாம நீ ஏன்டா வரப்போற?"

"சாப்பிடுங்கண்ணே."

"நான் சாப்பிட்டா உன் வரி நெசமாயிரும். என் வரி?"

"உங்களுக்கு என்ன வரி?"

"அதே வரிதான்டா. தம்பியோடன்னு எழுதி வச்சிட்டு, தூரிகை காஞ்சு கெடக்கு."

காரோவுக்கு அழுகை வந்துவிட்டது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டான்.

"அந்தக் கழுத கல்லுல எடறி விழுந்துச்சுடா. நான் அடிக்கல," என்றான் இபூய், வாய் நிறைய ரொட்டியோடு.

"தெரியும்ணே. அப்பவே தெரியும்."

வீடு திரும்பியவன் கல்லறைப் பக்கமே போகவில்லை. ஏன் என்று வாபெத் கேட்டாள்.

"அலையப் போட்டா முடிஞ்சு போயிரும்டி. அடுத்த ஓய்வுக்கும் அண்ணன் வரச் சொல்லிருக்காரு."

அதற்கடுத்த ஓய்வுக்கும் போனான். அப்படியே வயதும் ஆயிற்று. அண்ணன் வரிக்கும் அலை இல்லை, தம்பி வரிக்கும் இல்லை. ஊர் சிரித்தது.

சாவில் காரோ முந்திக்கொண்டான். கல்லறையை மூடுவதற்கு முன் இபூய் ஒரு ரொட்டியோடு உள்ளே போனான். சவப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பாதியைத் தின்றான், மீதியைத் தம்பிக்கு வைத்தான். பிறகு எழுந்து அந்த வரிக்கு அலை போட்டான். அது மட்டும் வேறு கையெழுத்து.

வெளியே வந்தான். நேரே தன் கல்லறைக்குப் போய்த் தன் வரிக்கும் அலையைப் போட்டான்.