பிரிஸில்லா மிஸ் ‘புட் அப் வித்’ நடத்திய நாள்

பிரிஸில்லாவைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கன்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தாள். மற்ற ஆசிரியைகள் தள்ளிவிட்ட பரீட்சைத் தாள்களையும் வாய் திறக்காமல் திருத்தினாள். கணவன் லாயிட் குடித்துவிட்டுக் கத்திய காலத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தாள். இப்போது அவன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கஞ்சி ஊட்டுவதும் அவள்தான். “உங்க பொறுமைக்குக் கர்த்தர் பலன் குடுப்பார் சிஸ்டர்” என்பார்கள் சர்ச்சில். என்ன பலனோ, எப்போதோ!

பள்ளிக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிய பிறகு கிடைத்த வேலை, பொம்மசந்திராவில் ஒரு தையல் ஆலையில் பெண்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித் தருவது. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, லாயிடுக்கு மருந்து வந்தது. இந்த வேலையும் போனால் வேறு போக்கிடம் கிடையாது. இது ஆலை மேனேஜர் பத்ரிநாத்துக்கும் நன்றாகவே தெரியும்.

தையல் கூடத்தின் மூலையில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் வகுப்பு. அன்றைக்கு அவள் போர்டில் ‘புட் அப் வித்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.

“இதுக்குப் பொறுத்துக்கிறதுன்னு அர்த்தம். டாலரேட், எண்ட்யூர், பேர், எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க. ஆனா ஆளுக்கு ஒரு குணம். டாலரேட் கொஞ்சம் ஆபீஸ் பாஷை. எண்ட்யூர்னா ரொம்ப நாள் வலி. புட் அப் வித் நம்ம பஸ்ல, வீட்டுல பேசுறது. பிடிக்கல, ஆனா சத்தம் போடாம இருக்கேன்னு அர்த்தம்.”

ஈஜிபுராவிலிருந்து வரும் முத்தம்மா கை தூக்கினாள். “கன்னடத்துல ‘அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் பொறுத்துக்கோங்கறாங்களே, அதா மிஸ்?”

“அதேதான். ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க பார்க்கலாம்.”

ஒருத்தி பஸ் நெரிசலைச் சொன்னாள். இன்னொருத்தி மாமியாரைச் சொன்னதும் வகுப்பே சிரித்து உருண்டது. முத்தம்மா எழுந்து நின்று, “வீ புட் அப் வித் தி டோக்கன்” என்றாள்.

பிரிஸில்லா போர்டிலிருந்து திரும்பினாள்.

“என்ன டோக்கன்?”

மெதுவாக ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கழிப்பறைக்குப் போக ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மெஷின்காரர்களுக்கு, ஒரே டோக்கன்தானாம். சூப்பர்வைசர் மேஜை ஆணியில் தொங்குமாம். போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எடுக்கலாமாம். அதனால் காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லையாம். தான் நீட்டும் தண்ணீர் பாட்டிலை இவர்கள் ஏன் வாங்குவதே இல்லை என்று பிரிஸில்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அடிப் பாவிங்களா, இதையா இத்தனை நாளா வாய்க்குள்ளயே வெச்சிருந்தீங்க?”

முத்தம்மா சொன்ன வாக்கியத்தைப் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் பெரிய டிக் ஒன்று போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்ரிநாத் வரவேண்டும்! மதியம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது. கூடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தவர், போர்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏனு மேடம், என்ன இது? யார் சொன்னது?”

முத்தம்மா தலை குனிந்துகொண்டாள். பெயரைச் சொன்னால் நாளைக்கே அவளுக்கு கேட் சாத்திவிடுவார்கள்.

“நான் எழுதினது சார். கையெழுத்தே தெரியலையா?” என்றாள் பிரிஸில்லா.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “சரி, விடுங்க. இது தப்பு இங்கிலீஷ்னு இவங்ககிட்ட சொல்லிட்டு அழிச்சிடுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம். வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கணும் இல்ல?”

மாத்திரைப் பேச்சை அந்த மனுஷன் எடுத்திருக்கவே கூடாது. பரீட்சைத் தாள், சாத்திய ஜன்னல், சர்ச்சுக்காரர்களின் பாராட்டு என்று இத்தனை வருஷமாக விழுங்கியதெல்லாம் அவள் தொண்டைக்கு ஏறி வந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

“இங்கிலீஷ்ல தப்பு இல்ல சார். தப்பெல்லாம் உங்க டோக்கன்லதான்.”

“நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம்.”

“வரல. ஆனா இன்னைக்குக் கிளாஸ் இன்னும் முடியல. இது என் கிளாஸ், வெளிய போங்க.”

பத்ரிநாத் நகரவில்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, போர்டில் அடுத்த வரியை எழுதினாள். “நான் இனிமே பொறுத்துக்க மாட்டேன். இதை இங்கிலீஷ்ல இப்படித்தான் சொல்லணும். எங்கே, என்கூடச் சொல்லுங்க. ஐ வோன்ட் புட் அப் வித் இட்.”

மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐ வோன்ட் புட் அப் வித் இட்” என்றாள் முத்தம்மா. சொன்னவள் உட்காரவில்லை. தடுப்பைத் தாண்டி, தையல் மெஷின்களுக்கு நடுவே, சூப்பர்வைசர் மேஜையைக் கடந்து நடந்தாள்.

“ஏய், டோக்கன்!” என்று கத்தினான் சூப்பர்வைசர்.

“நீயே வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு அவள் கழிப்பறைக்குப் போனாள்.

மாமியாரைச் சொன்னவள் எழுந்தாள். பஸ்ஸைச் சொன்னவள் எழுந்தாள். பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பத்ரிநாத் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருக்க, கழிப்பறை வாசலில் வரிசை நீண்டுகொண்டே போனது. பிரிஸில்லா கைப்பையை மாட்டிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.