மணி அடிக்காத சாவு

அன்றைக்குக் கோயில் மணி அடிக்கவில்லை. அந்த நாளை நினைத்தால் முதலில் எனக்கு அதுதான் வருகிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் செத்துப்போனார் என்று வெள்ளனே தெரிந்துவிட்டது. அவர் மனைவி போட்ட சத்தத்தில் எங்கள் வரிசையில் எல்லாக் கதவும் திறந்தது. அவர் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார் என்பது சற்று நேரம் கழித்துத் தெரிந்தது. அதற்குப் பிறகு திறந்த கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நான் கையில் விளக்குமாற்றோடு என் வாசலிலேயே நின்றேன். பெருக்க வந்தவள் என்பதே மறந்துபோயிற்று. பனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் போலீஸ்காரர்கள் நடந்துபோன தடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

கொடைக்கானலில் அப்போது நாங்கள் கோயிலுக்குக் கீழே சரிவில் குடியிருந்தோம். எல்லாரும் வேதக்காரர்கள்; மாதா கோயில் கிறிஸ்தவர்கள். பங்களாக்களில் சமையல், தோட்டம், காவல் என்று பிழைத்தவர்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பை மூட்ட மாட்டார்கள். கோயிலில் துக்க மணி அடிக்கும். அடித்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கட்டு விறகும் இடுக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் குளிரில் இழவு வீட்டு வாசலில் நெருப்புப் போடாமல் யாரும் உட்கார முடியாது. மணிதான் எங்களுக்கு அழைப்பு. அதற்கு முன்னால் யாரும் போவதில்லை.

தன் கையால் செத்தவருக்கு அந்தக் காலத்தில் மணி கிடையாது. பூசை கிடையாது. தூம்பா என்று நாங்கள் சொல்லும் கோயில் சவப்பெட்டியைத் தர மாட்டார்கள். மந்திரித்த கல்லறை மண்ணிலும் இடமில்லை; வேலிக்கு வெளியே ஒரு மூலையில் புதைக்க வேண்டியதுதான். இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் மணி இல்லையென்றால் கஞ்சியும் வராது, விறகும் வராது என்பதை அதுவரை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. எங்கள் வரிசையில் அப்படி ஒரு சாவு அதற்கு முன் விழுந்ததில்லை.

மத்தியானம் ஆயிற்று. உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கூரையில் புகை இல்லை. உள்ளே அண்ணனின் மனைவியான அக்கா, பெரிய மகள், சின்னப் பையன் மூன்று பேரும் இருந்தார்கள். நான் எதற்கும் பயப்படுகிறவள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். பேரிக்காயும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினால் அவர் ஒட்டன்சத்திரம் போய்த் திரும்பும் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நான்தான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். தூக்கம் வராது. தாழ்ப்பாளைப் போட்டோமா என்று எழுந்து பார்ப்பேன். படுத்துவிட்டு மறுபடியும் எழுந்து பார்ப்பேன்.

அதனால்தான் அந்த அண்ணனை எனக்குத் தெரியும். விடியுமுன்னே அவரும் எழுந்து வெளியே வந்து நிற்பார். ஒரு பங்களாவில் தோட்டக்காரர் அவர். அதிர்ந்து பேசாத மனுசன். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால், "என்ன தாயி, லாரி எந்த வளைவுல போகுது?" என்று கேலி பண்ணுவார். அந்த மார்கழியில் கேலி நின்றுபோயிற்று. செருப்பில்லாமல் பனியில் நிற்பார். கொத்திப் போட்ட பாத்தியையே திரும்பக் கொத்துவார். பங்களா கேட்டைப் பூட்டினேனா, நீ பார்த்தாயா என்று என்னைக் கேட்பார். அந்தக் கேட் இருப்பது அரை மைல் தள்ளி. பூட்டித்தான் இருப்பீங்க அண்ணே என்று சொன்னால் தலையாட்டுவார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே கேட்பார்.

நான் கஞ்சி காய்ச்சினேன். மாமியார் அடுப்படியில் வந்து நின்று பார்த்தார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

"மணி அடிக்கட்டும்டி. நாம மொதல்ல போயி நின்னா ஊரு என்ன சொல்லும்? ஒம் புருசன் தெனமும் மலை எறங்குறவன்."

அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சாவு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிடும் என்று பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

உள்ளே அந்த அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுகை நின்று முகம் மரக்கட்டை போல ஆகியிருந்தது. பையன் அப்பாவின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் சுருண்டிருந்தான். பானையைப் பார்த்ததும் அவன் எழுந்தான். மகள் ஊற்றிக் கொடுத்தாள். அக்கா தொடவில்லை. என்னைப் பார்த்து, மணி அடித்துவிட்டார்களா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் உபதேசியார் வந்தார். கோயில் காரியம் முழுக்க அவர் கையில்தான். வாசற்படியைத் தாண்டாமல் வெளியே நின்றபடியே பேசினார். சட்டத்தைச் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, ஒரு வழி இருக்கிறது என்றார். செத்தவருக்குப் புத்தி பேதலித்திருந்தது என்றால் அது பாவக் கணக்கில் வராது; பங்குச் சாமியார் வேலிக்கு உள்ளே புதைக்க உத்தரவு கொடுப்பார். மனைவி சாமியார் முன்னால் வந்து, என் புருசனுக்குப் பைத்தியம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அக்கா எழுந்து நின்றார்.

"நான் சொல்ல மாட்டேங்க. எம் மகளுக்கு நாளைக்கு யாரு தாலி கட்டுவா? அப்பன் பைத்தியம்னா மகளையும் அப்படித்தான் பாப்பாங்க. பையனைப் பள்ளிக்கூடத்துல கல்லால அடிப்பாங்க."

"அப்ப வேலிக்கு வெளியதான்மா."

"எங்க மூத்தது உள்ள கெடக்குங்க. பொறந்து எட்டு நாள்ல போச்சு. அது பக்கத்துல அவரு கெடக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

உபதேசியார் என்னைப் பார்த்தார். நீ பக்கத்து வீடுதானே, நீயாவது வந்து சொல் என்றார். அக்காவின் கண் என்மேல்தான் இருந்தது. என்ன சொல்லிவிடுவேனோ என்று பார்த்தாரா, சொல்லேன் என்று பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பூசை முடிந்ததும் அக்காவையும் என்னையும் சாமியார் அறைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் சாமியார் கீழ்நாட்டுக்காரர். கொடைக்கானல் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. காதைச் சுற்றி மப்ளர் கட்டி, எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். உபதேசியார் பைத்தியம் என்று ஆரம்பித்தார். சாமியார் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"அந்த வார்த்தையை இங்க யாரும் சொல்ல வேண்டாம். அவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா, எப்படி இருந்தார், அதை மட்டும் சொல்லுங்க."

அக்கா தரையைப் பார்த்தபடி, அவர் ஒரு மாதமாகச் சாப்பிடவில்லை என்றார். சாமியார் என் பக்கம் திரும்பினார். நான் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தூங்க மாட்டார் சாமி. விடியுமுன்னே எழுந்து நிற்பார். பூட்டினதைப் பூட்டினேனா என்று கேட்பார். பதில் சொன்னாலும் மனசு ஆறாது. மறுபடியும் கேட்பார். ஏதோ வரப்போகிறது, ஏதோ வரப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும் சாமி.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அது என் நெஞ்சு. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியே திகைத்துப்போனேன். நான் சொன்னது முழுக்க என்னைப் பற்றியும்தான். அப்படியானால் எனக்கும் அதுதானா? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

சாமியார் அதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் இருமினார். பிறகு உபதேசியாரிடம், இது நோய், நிமோனியா மாதிரி ஒரு நோய், வந்த மனுசனுக்கு அதைத் தூக்கிச் சுமக்கப் பலம் இல்லாமல் போய்விட்டது, மணி அடிக்கச் சொல்லுங்கள், குழியை உள்ளே வெட்டச் சொல்லுங்கள் என்றார். உபதேசியார், ஊர் கேட்டால் என்ன காரணம் சொல்வது என்றார். நோயில் செத்தார் என்று சொல்லுங்கள், என்ன நோய் என்று கேட்கிறவனை என்னிடம் அனுப்புங்கள் என்றார் சாமியார்.

அக்கா விழுந்து அவர் காலைத் தொடப் போனார். அவர் பின்னால் நகர்ந்துவிட்டார்.

நாங்கள் வெளியேறும்போது என்னை மட்டும் நிறுத்தினார்.

"நீ எப்பம்மா நல்லாத் தூங்குன?"

நான் ஏதேதோ சொன்னேன். லாரி, வளைவு, மழை.

"தூக்கம் வராதப்ப தனியா உக்காந்திருக்காத. வீட்டுக்காரரை எழுப்பு. அவரு வண்டிக்குப் போயிருந்தா மாமியாரை எழுப்பு."

"மாமியாரையா சாமி? திட்டுவாங்க."

"திட்டட்டும். தனியா இருக்கிறதுக்கு அது தேவல. அப்பவும் முடியலைன்னா டாக்டரைப் பாரு, இல்லைன்னா இங்க வா. வெட்கப்படாத."

நாங்கள் சரிவில் பாதி இறங்குமுன்னே மணி அடித்தது. அக்கா நின்று, காதைப் பொத்திக்கொண்டார். கேட்க வேண்டும் என்று முந்தின நாளிலிருந்து காத்திருந்தவரால், அடித்தபோது தாங்க முடியவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையப் பெண்கள். கஞ்சிப் பானை, சோற்றுப் பானை, ரசம், விறகுக் கட்டு. மணி அடித்ததும் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பியிருக்கிறார்கள். என் மாமியார்தான் முன்னால் நின்றார். அவர் கையில் இருந்தது எங்கள் வீட்டிலேயே பெரிய பானை. அக்கா ஒவ்வொரு பானையாகப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

"மணி அடிக்காமயே வந்திருக்கலாமில்ல? எம் பிள்ளைகளுக்கு நேத்தும் பசிக்கத்தான செஞ்சுச்சு."

என் மாமியார் பானையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து விறகை அடுக்க ஆரம்பித்தார். நெருப்புப் பிடிக்க வெகுநேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்ததும், அண்ணனை அவர் குழந்தைக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். சாமியார் லத்தீனில் சொல்ல வேண்டியதைச் சொன்னார், பிரசங்கம் வைக்கவில்லை. கல்லறைக்கு வராதவர்களும் உண்டு. அவர்களில் சிலர் பிறகு பல வருடம் அந்த அக்காவைக் கண்டால் வேறு பாதையில் போவார்கள். மகளுக்கு வந்த சம்பந்தங்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. கடைசியில் திண்டுக்கல் பக்கத்தில், எல்லாம் தெரிந்தே ஒருவன் வந்து கட்டிக்கொண்டான்.

சில வருடம் கழித்து, என் வீட்டுக்காரர் ஒருநாள் லாரியை நிறுத்திவிட்டு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மேல்மலையில், போளூரில் பூண்டு போடும் ஒரு குடும்பம், அவர் வழக்கமாகச் சரக்கு ஏற்றும் வீடு. அவர்களுடைய மகன் அதேபோல் போய்விட்டான். கல்யாணம் ஆகாத பையன். ஊரில் அந்த வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லையாம்.

அக்கா காதில் அது விழுந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். நானும் வருவேனா என்று கேட்டார். எனக்குப் பயம்தான். அவர்கள் நம் வேதம் இல்லையே, போய் என்ன சொல்வோம் என்று கேட்டேன். சொல்லவா போகிறோம் என்றார். லாரி போகிற மட்டும் போனோம். மிச்சத்தை நடந்தோம்.

அந்தத் தாய் எங்களை யாரென்று கேட்கவில்லை. அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எம் வீட்டுக்காரரும் இப்படித்தான் போனாரும்மா என்று மட்டும் சொன்னார். அந்தத் தாய் வெடுக்கென்று திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்து இன்னமும் பேசிக்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பார்த்து அவர் அதிர்ந்துபோனார் என்றுதான் எனக்குப் பட்டது. வெகுநேரம் கழித்து ஒன்று கேட்டார்.

"எம் பிள்ளை இப்ப எங்க இருக்கும்?"

அக்கா என்ன சொல்வாரோ என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியலம்மா. எம் வீட்டுக்காரரு எங்க இருக்காரோ அங்கதான் இருப்பான். அவரைப் பாத்துக்கப்பான்னு தெனமும் ஆண்டவர்கிட்டக் கேக்குறேன். இனி ஒங்க பிள்ளைக்கும் சேத்துக் கேக்குறேன். பேரு என்னன்னு சொல்லுங்க."

இறந்ததிலிருந்து யாரும் அந்தப் பையனின் பெயரைக் கேட்டிருக்கவில்லை. அந்தத் தாய் சொன்னார். ஒரு முறை சொல்லிவிட்டு, உடைந்து அழுது, திரும்பவும் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா மறந்துவிடக் கூடாது என்று அந்தப் பெயரையே முணுமுணுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.