வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கூட்டம்

இந்த ஊரில் யாரும் "மாட்டேன்" என்று சொல்லமாட்டார்கள். கோயம்புத்தூருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் எனக்கு இது பழகவில்லை. கணபதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீதியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் கூட்டத்துக்கு வரச்சொல்லி வீடு வீடாகப் போவது என் வேலை. கேட்டைத் திறக்கிறவர்கள் கையைக் கூப்பி, "ஆகட்டுங்க, வந்தர்றோமுங்க" என்பார்கள். "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்பார்கள். முகத்தில் அத்தனை சந்தோசம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் விநாயகர் கோயில் மண்டபத்தைக் கூட்டி, பவானி ஜமக்காளத்தை விரித்துவிட்டுக் காத்திருப்பேன். சங்கத் தலைவர் ஐயா வருவார். பக்கத்து வீட்டு சரோஜாக்கா வருவார். பிறகு பிள்ளையாரும் நாங்களும்தான். வாட்ஸ்அப்பில் கூட்டம் என்று போட்டால் வீதி முழுக்கக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறது. கட்டைவிரல்கள் நடந்து வருவதில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊரில் இதெல்லாம் தலைகீழ். சனசமூக நிலையத்தில் இருந்து வாய்க்கால் வெட்டச் சிரமதானத்துக்குக் கூப்பிட்டால், "ஏலாது, எனக்கு வேற வேலை இல்லையோ?" என்று முகத்துக்கு நேரே ஏசுவார்கள். ஏசினவர்தான் அடுத்த நாள் விடியற்காலையில் மண்வெட்டியோடு முதலில் நிற்பார். அப்படியும் வராதவரின் வீட்டுப் படலையில் நாலைந்து பேர் போய் நிற்பார்கள். கூப்பிடமாட்டார்கள், திட்டமாட்டார்கள், வெளிவாசலில் சும்மா நிற்பார்கள். என் ஐயா, அதுதான் அப்பா, ஒருமுறை சோற்றுக் கையோடு எழுந்து வந்து, "வாறன், வாறன், மனுசரைத் தின்ன விடுறியளில்லை" என்று கத்திக்கொண்டே அவர்களோடு போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்த வாய்க்காலும் இன்றைக்கு இல்லை, ஐயாவும் இல்லை.

ஒரு சங்கத்துக்காக இந்த மனுசி ஏன் இப்படி அலைகிறாள் என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் என் பெயர் இரண்டு இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, போலீஸ் நிலையத்து அகதிப் பதிவு. முகாமுக்கு வெளியே இருக்கிற எங்களைப் போன்றவர்கள் அங்கே போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். மற்றது, இந்த வீதிச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல். சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த சங்கம் இது. கூட்டத்துக்குத் தேநீர் போட்டுத்தரச் சொல்லித்தான் என்னை முதலில் கூப்பிட்டார்கள். தேநீர் குடிக்க ஆள் குறையக் குறைய, ஒருநாள் தலைவர் ஐயா என்னைப் பார்த்து, "நீங்க ஒருத்தருதானுங்க தவறாம வர்றீங்க" என்று சொல்லி என் பெயரையும் சேர்த்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். லேத் பட்டறையில் இருந்து வந்த என் கணவர், "என்ன விசேசம்?" என்று கேட்டார். சொன்னேன். "உதுக்கோ பொங்கல்?" என்று சிரித்தார். ஆனால் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தச் சங்கம்தான் போன வருடம் முடியப் பார்த்தது. எங்கள் வீதிச் சாக்கடையைப் பாதி கட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். வீதி மொத்தமும் ஒன்றாகப் போய்க் கேட்டால்தான் வேலை நடக்கும் என்று மாநகராட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இங்கேயோ மூன்று பேர். அதைப் பேசக் கூட்டிய அன்றைக்கும் ஜமக்காளத்தை நான் சுருட்டும்போது தலைவர் ஐயா கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர்.

"இனி என்னால ஆகாதுங்க அம்மணி. மகன் பெங்களூருக்கு வரச்சொல்லிக் கூப்புட்டுட்டே இருக்கறான். அடுத்த கூட்டத்துக்கும் இதே கதைன்னா சங்கத்தைக் கலைச்சுப் போடலாமுங்க" என்றார்.

நான் நினைத்தது சாக்கடையை அல்ல. இனி போலீஸ் நிலையத்தில் மட்டும்தான் என் பெயர் இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் ஊர் வழியைச் செய்து பார்ப்போம் என்று தோன்றியது. கோயிலில் கும்பிட்டுவிட்டு, மோட்டார் கம்பெனி வைத்திருக்கிறவரின் வீட்டு கேட் முன்னால் போய்ப் பேசாமல் நின்றேன். இந்த வீதி போட்ட இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துத் தோட்டம். அவருடைய மனைவி மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையோடு இறங்கி வந்தார்.

"இந்தாங்க கண்ணு. ரண்டு தடவதான் கட்டுனது. உங்க கேம்ப்பு ஆளுகளுக்குக் குடுத்துருங்க. பாவம்."

பைக்குள் இரண்டு சேலை இருந்தது. நான் கூட்டத்துக்குக் கூப்பிட வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல மனசோடு கொடுத்தார், அதனால்தான் சொல்ல முடியவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பையைப் பார்த்துவிட்டு சரோஜாக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏனுங்க மங்கை, கேட்டுக்கு முன்னால போயி மொட்டையா நின்னா, ஏதோ கேக்க வந்திருக்கறாங்கன்னுதானுங்க நெனைப்பாங்க. வெத்தலபாக்கு வெச்சுச் சொல்லுங்க. அப்பறம் வராமப் போனா அவிங்களுக்குத்தான் கேவலம்."

"கூட்டத்துக்கு வெற்றிலை பாக்கா அக்கா?"

"ஏன், கூட்டம் விசேசம் இல்லீங்களா? போன்ல சொன்னாக் காதுல விழும். தட்டத்துல வெச்சுச் சொன்னாக் கையில விழுமில்லீங்க" என்று சொல்லித் தன் வீட்டுப் பித்தளைத் தட்டையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்கச் சாயந்தரங்களில் நடந்தேன். ஒவ்வொரு கேட்டிலும் "முருகா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் மணியை அழுத்தினேன். தட்டைக் கண்டதும் ஆட்களே வேறாகிவிட்டார்கள். டிவியை நிறுத்தினார்கள். கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டு கையாலும் வாங்கினார்கள். "பொண்ணுக்குக் கல்யாணமுங்களா?" என்று ஒரு அம்மா ஆவலோடு கேட்டார். "இல்லீங்க, சாக்கடைக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லதுங்க, குடும்பத்தோட வந்தர்றோமுங்க" என்று குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டார். சேலை கொடுத்த அம்மாவும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீதி முடிகிற இடத்தில் சாக்கடை வளைந்து பின்வீதிக்குள் போகிறது. நானும் அதன் கூடவே வளைந்து போனேன். எந்த யோசனையோடும் போகவில்லை, தண்ணீர் போகிற வழியில் கால் போனது. அங்கே வரிசையாகச் சின்ன வீடுகள். முன்பு இந்தத் தோட்டங்களில் கூலிக்கு இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இப்போது ஒருவர் பட்டறையில் ஃபோர்மன், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். செல்வி என்கிற பெண் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செல்வி தட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எங்களுக்குங்களாக்கா? சங்கத்துல இருந்துங்களா?"

"ஓம்... ஆமாங்க."

"நெசமாவா?" என்று கேட்டுக் கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியிருக்க வேண்டும். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒதுக்கி வைத்திருந்த ஆட்களை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அவர்களுடைய படலையில் போய் யாரும் நின்றதில்லை. கடல் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பிரித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறோம். சில விசயங்கள் அதற்கு முன்பே நீந்திக் கடந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். பட்டுச்சேலை, வெள்ளை வேட்டி. ஒரு அம்மா தட்டில் தேங்காய் பழம்கூடக் கொண்டுவந்திருந்தார். தலைவர் ஐயா கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார். நாற்காலிகள் போதவில்லை. அப்போது பின்வீதிக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக வந்து மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர்களும் நல்ல உடுப்புப் போட்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் பேச்சு அடங்கியது.

"அவிங்களை யாருங்க கூப்புட்டது?" என்றார் மோட்டார் கம்பெனிக்காரர். சத்தம் போடவில்லை. இந்த ஊரில் யாரும் சத்தம் போடுவதில்லை.

"நான்தானுங்க" என்றேன்.

"ஏனுங்க அம்மணி, இது நம்ம வீதிச் சங்கமுங்க. நீங்களே வாடகைக்கு இருக்கறவங்க. அதுலயும்..."

முடிக்காமல் விட்டார். மரியாதைக்காக விட்டார். அந்த 'அதுலயும்' என்ற சொல்லுக்குப் பின்னால் எங்கள் படகு வந்த கடல் முழுவதும் இருந்தது. தலைவர் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். சங்கத்தைக் காப்பாற்றப் போய் நானே அதை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சரோஜாக்காதான் எழுந்தார். "அண்ணா, யாரு கூப்புட்டதுன்னு இனிக் கேக்கறதுல அர்த்தமில்லீங்க. சங்கத்துப் பேரைச் சொல்லி வெத்தல வெச்சாச்சு, அவிங்களும் கைநீட்டி வாங்கியாச்சு. வெத்தல குடுத்துக் கூப்புட்டவிங்களை வாசல்ல நிக்கவெச்சுத் திருப்பி அனுப்புன பாவம் நமக்கு எதுக்குங்க? அவிங்க போகோணும்னா, அதே வெத்தலைய வாங்கித்தான் நீங்களும் நானும் வந்திருக்கறோம். நாமளும் எந்திரிச்சுப் போகோணுமுங்க."

பிறகு தலைவர் ஐயா வேப்பமரத்தடிக்குப் போனார். "வாங்க, வாங்க. ஏன் வெளியில நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க" என்றார், விருந்துக்கு வந்தவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில். அது மனசில் இருந்து வந்ததா வழக்கத்தில் இருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. வழக்கமாக இருந்தாலும் அன்றைக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு குடும்பத்தார் மட்டும், "ஒரு அவசர வேலைங்க, வந்தர்றோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். பின்வீதிக்காரர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். சரோஜாக்காவும் நாற்காலியை விட்டு இறங்கிச் செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க ஊட்டுத் தண்ணியெல்லாம் எங்க வாசல்லதானுங்க வந்து நிக்குது" என்றார் செல்வி. "மழை பேஞ்சா ஊட்டுக்குள்ளயே வந்துருமுங்க. சங்கம்னு ஒண்ணு இருக்குதுன்னே இந்த அக்கா வந்து சொல்லித்தானுங்க தெரியும்."

மோட்டார் கம்பெனிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பக்கம் வந்தே பாத்ததில்லீங்க" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் இரண்டு வீதியும் ஒன்றாக மாநகராட்சிக்குப் போவது என்று முடிவானபோது, தன் வேனில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார்.

அதற்குப் பிறகு செயலாளர் யார் என்ற பேச்சு வந்தது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்களே இருங்க அம்மணி, உங்களைத் தவிர யாரு இருக்கறாங்க?" பாசமும் இருந்தது, தங்கள் தலையில் விழாமல் தப்புகிற அவசரமும் இருந்தது. நான் எழுந்து, "எனக்கு ஏலாதுங்க" என்றேன். அந்த மண்டபத்தில் யாராவது நேராக மறுத்துச் சொன்னது அதுதான் முதல்முறையாக இருக்கும். எல்லாரும் திகைத்துப்போனார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. பயம் என்ன சொல்கிறது என்று தெரியும். அகதி ஒருத்தியின் பெயர் பொறுப்பாளர் என்று எங்காவது போய், நாளைக்கு யாராவது வந்து ஏதாவது கேட்டால் என் கணவர் தூங்கமாட்டார். இதைத் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன்.

தலைவர் ஐயா கொஞ்சம் யோசித்தார். "அதனால என்னுங்க? பதவிக்குத்தானுங்க பேரு வேணும். வேலைக்கு எதுக்குங்க பேரு? நீங்க வேலைய மட்டும் செஞ்சுபோடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜமக்காளத்தைச் சுருட்டும்போதுதான் வலித்தது.

செயலாளர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சாக்கடை வேலை நடக்கிறது, நிற்கிறது, நடக்கிறது. சங்கம் கலையவில்லை. ஆனால் ஒருமுறை தட்டோடு போய் அழைத்தவர்களை மறுமுறை கட்டைவிரலால் அழைக்க முடியாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தட்டு போகவேண்டும். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நான்தான் போகிறேன். "சங்கத்தம்மா வர்றாங்க" என்று கேட்டைத் திறக்கிறார்கள். சிலசமயம் முருகனிடம் கேட்பேன், இன்னும் எத்தனை வாசலுக்கு என்னை நடத்துவாய் என்று. அவன் வேலைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான்.

போன வாரம் ஊரில் இருந்து சித்தியின் மகன் தொலைபேசி எடுத்தான். சனசமூக நிலையத்தைத் திரும்பக் கட்டுகிறார்களாம்.

"கூட்டத்துக்கு ஆக்கள் வருகினமில்லை அக்கா. பாதிப்பேர் கனடா, மிச்சப்பேர் போனுக்குள்ளை. பேர் வாசிக்கேக்கை உங்கட பேரும் வரும். 'வெளியிலை' எண்டு நான்தான் சொல்லுறனான்."

"என்ரை பேரை இன்னும் வெட்டேல்லையோ?"

"ஆர் வெட்டுறது? அதுக்கும் ஒரு கூட்டம் கூட்டவேணுமே."

அன்றைக்குச் சாயந்தரம் தட்டோடு இரண்டு வீதியும் சுற்றிவிட்டு வந்தேன். தட்டில் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் மிச்சம் இருந்தது. எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்று. எங்கள் வீட்டுக்கு மட்டும் இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை. சொல்கிறவள் நான்தானே. என் கணவர் பட்டறையில் இருந்து வந்து கைக்கரியைக் கழுவிக்கொண்டிருந்தார். தட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வாங்கோவன்."

அவர் என்னைப் பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினார். வீட்டுக்குள் இத்தனை வருடமும் எங்கள் ஊர்ப் பேச்சைத் தவிர வேறு பேசாத மனுசன், "ஆகட்டுங்க அம்மணி, வந்தர்றோமுங்க" என்றார்.

இருவரும் சிரித்தோம். வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊராக இருந்தால் படலையில் போய் நிற்பேன். வந்துவிடுவார். வெளியே வந்து பார்த்தேன். இங்கே இருக்கிற கேட், வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருடையது. அதற்கு உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்று தெரியாமல், வெறுந்தட்டோடு கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.