பத்து நிமிஷக்காரரும் பத்து விநாடித் திரையும்

என் வீட்டுக்காரரை இந்தப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பத்து நிமிஷம்’ என்றால்தான் தெரியும். ஃபிரிட்ஜ் மெக்கானிக். கேஸ் நிரப்பி, சுவிட்சைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “பத்து நிமிஷம் விடுங்க, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா குளிராது” என்பார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது குளிர்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. நிறுத்திய கம்ப்ரசரை உடனே ஓட்டினால் அது புகைந்துவிடும் என்பதால், அவர் தொழிலில் விலகி நிற்பதே ஒரு ஒழுக்கம்.

அந்த ஒழுக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் என் தலைவலி. வாஷிங் மெஷினைப் போட்டால் மாடிக்குப் போவார். அடுப்பில் பாலை வைத்தால் தெருவுக்குப் போவார். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் வந்த முதல் சண்டையில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, “பத்து நிமிஷம் விடு” என்று போய்விட்டார். திரும்பி வந்தபோது நான் ஒன்றும் குளிர்ந்திருக்கவில்லை.

கெட்ட மனுஷர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். லேப்டாப்பில் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டபோது, யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். “விலை கிடையாது, பூட்டு கிடையாது, யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம். நம்ம தொழிலுக்கு ஏத்த சாமான்” என்று பெருமைப்பட்டுக்கொண்டார். பிரித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால் போதும், அந்த ஆளுக்குக் கை அரிக்கும்.

எனக்கு வேலை ஒரு மரப்பட்டறையில். சமையலறை அலமாரி செய்கிற பட்டறை. நான்கு வருஷமாக வீடு வீடாகப் போய் டேப் பிடித்து அளவெடுத்து வருவேன், அந்த அளவை வைத்து முதலாளி வரைவார். போன மாதம் அவரே கூப்பிட்டுச் சொன்னார்: “இந்த வீட்டுக்கு நீயே வரைஞ்சிடும்மா. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அவங்க வீட்டு டிவியில போட்டுக் காட்டு. பிடிச்சுப்போச்சுன்னா இனிமே வரையறது உன் பொறுப்பு. பிடிக்கலைன்னா பழையபடி டேப்பை எடுத்துக்கோ.”

அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு அம்மா, ஓய்வு பெற்ற நர்ஸ். நான் அளவெடுக்கப் போனபோது அவர் பேசிக்கொண்டே இரண்டு முறை சுவரில் சாய்ந்தார், காலை மாற்றி மாற்றி ஊன்றினார். கால் வலி என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டேன். சமையல் மேடைக்கு அடியில், இழுத்தால் வெளியே வந்து உட்கார இடம் தருகிற ஒரு பலகையை வரைந்தேன். உட்கார்ந்தபடியே நறுக்கலாம், முடிந்ததும் தள்ளினால் உள்ளே போய்விடும். அது முதலாளியிடம் கற்றதில்லை, என் சொந்த யோசனை. நான்கு சாயங்காலம் அதற்கே போனது.

செவ்வாய்க்கிழமை காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்து, ‘அப்டேட் இருக்கிறது’ என்று அது சொன்னதைக் கேட்டு, எல்லாவற்றையும் புதுப்பித்து, கூடவே கிராஃபிக்ஸ் டிரைவரையும் கழற்றிவிட்டுப் புதியது போட்டுவிட்டார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. படம் காட்டுகிற சிப்பை இயக்குவது எப்படி என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிற நிரல்தான் அந்த டிரைவர். புதியது ஏனோ வேலை செய்யவில்லை. அது இல்லாவிட்டாலும் திரை தெரியும், எழுத்து தெரியும். ஆனால் நான் வரைந்த சமையலறையைச் சுட்டியால் பிடித்துத் திருப்பினால், ஒரு பக்கம் திரும்ப ஒரு நிமிஷம் ஆனது. வயரை எடுத்து டிவியில் செருகினால் ‘சிக்னல் இல்லை’.

“புதுசு நல்லதுதானேன்னு போட்டேன்” என்றார்.

“உங்கள யாரு கேட்டா?”

“பதறாத. சரி பண்ணிடுவேன்.”

சரி பண்ணினார், மூன்று நாள். டிரைவரை எடுப்பார், மறுபடி போடுவார். போட்டு முடிக்கும்போது அது ஒரு புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். “எதுக்கோ கேக்குது” என்று ஏதோ ஒன்றை அடிப்பார். ரீஸ்டார்ட்டை அழுத்துவார். அழுத்திய கையோடு எழுந்து, “ஆன் ஆகட்டும், பத்து நிமிஷம் விடு” என்று பால்கனிக்குப் போவார். நானும் அடுப்படிக்கோ குளியலறைக்கோ போய்விடுவேன். வந்து பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி.

புதன்கிழமை முழுக்க இணையத்தில் தேடினோம். ஒருத்தர் எங்கள் பிரச்சினையை அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தார். எனக்கு உயிர் வந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் அவரே மறுநாள், ‘சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி’ என்று முடித்திருந்தார். எப்படிச் சரியானது என்று ஒரு வரி இல்லை. அந்த மனுஷர் எந்த ஊரோ, என் வாயில் விழுந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் இவர் லேப்டாப்பைத் தள்ளி வைத்து, டாக்டர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

“மெஷின்ல குத்தமில்ல. உன் படம் கனமா இருக்கு.”

“செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி கனமா இல்லையா?”

“அந்த இழுக்கிற பலகைய பாரு. நாப்பது திருகு, ரெண்டு தண்டவாளம். எதுக்கு இவ்வளவு? அதைத் தூக்கிடு, சும்மா பறக்கும்.”

முடியாது என்றேன். அரைமணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில், எதுவுமே காட்ட முடியாமல் போவதற்கு இது பரவாயில்லை என்று அழித்தேன். பலகை, தண்டவாளம், திருகு எல்லாம் போயின. அதே கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டேன், புத்தி கெட்டவள். படம் கொஞ்சம் வேகமாகத் திரும்பியது, கொஞ்சமே கொஞ்சம். எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியக்கூடாது என்று முகத்தைக் கழுவப் போனேன்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர் இன்னொரு தடவை டிரைவரைப் போட்டு, ரீஸ்டார்ட்டை அழுத்தி, பால்கனிக்குப் போனார். இந்தத் தடவை நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் டீ போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்தத் திரையை முறைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

திரை கறுப்பானது. அப்புறம் முழுக்க நீலமானது. நடுவில் ஒரு வரி: தொடர ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும். பக்கத்தில் ஒரு எண். பத்து. ஒன்பது. எட்டு.

“ஏங்க! ஓடி வாங்க! நீலமா என்னவோ எண்ணுது!”

“பத்து நிமிஷம் விடு!” என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

தெரியாமல் எதையாவது அழுத்தி, இருப்பதும் போய்விட்டால்? என் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. மூன்று, இரண்டு, ஒன்று. நீலம் போய், வழக்கமான திரை வந்தது. இவர் நிதானமாக வந்தார்.

“எங்க? ஒண்ணும் காணோமே.”

“வந்துட்டுப் போயிடுச்சு.”

“உனக்கு அப்படித் தோணியிருக்கும்.”

மூன்று நாள் அடக்கி வைத்தது அத்தனையும் அப்போது வெளியே வந்தது. என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். மாடி வீட்டு ஜன்னல் சாத்தப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது. இவர் போனை எடுத்து, ‘நீலத் திரை, பத்து விநாடி’ என்று தேடினார். முதல் பதிலிலேயே இருந்தது. புது டிரைவர் திருட்டுத்தனமாக உள்ளே வரக்கூடாது என்று லேப்டாப்பிலேயே ஒரு காவல் உண்டாம். ரீஸ்டார்ட் ஆகும்போது உரிமையாளர் எதிரில் இருந்து, வைத்த பாஸ்வேர்டைச் சொல்லி, ‘இது நான் போட்டதுதான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து விநாடி பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று அது போய்விடும். மூன்று நாளாக ஒவ்வொரு தடவையும் வாசலில் வந்து பெல் அடித்திருக்கிறது, திறக்க வீட்டில் யாரும் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

மறுபடி எல்லாவற்றையும் இறக்கிப் போடுவதற்குள் மணி இரண்டு ஆகிவிட்டது. ரீஸ்டார்ட்டை அழுத்தியதும் பழக்கதோஷத்தில் எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். நீலம் வந்தது. அழுத்தினார். பாஸ்வேர்டு கேட்டது. ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக அடித்தார். இந்த லட்சணத்துக்குத்தான் மூன்று நாள்.

படம் சுற்றியது, காற்றாடி மாதிரி. டிவியிலும் வந்தது. ஆனால் மேடைக்கு அடியில் என் பலகை இருந்த இடம் வெறும் ஓட்டை. மறுபடி வரைய நேரமில்லை. வண்டியில் ஏறினோம்.

நர்சம்மா வீட்டுக் கூடத்தில் முதலாளி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வயரைச் செருகியதும் சமையலறை டிவியில் பெரிதாக வந்தது. கதவுகளைத் திறந்து காட்டினேன், இழுப்பறைகளை இழுத்துக் காட்டினேன். எங்கும் ஒரு தயக்கம் இல்லை. அந்த அம்மா கடைசி வரை பார்த்தார்.

“அழகா இருக்கும்மா” என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே, “ஆனா எல்லாம் நின்னுக்கிட்டேதான் செய்யணும் போல. எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. உக்கார எங்கயாவது ஒரு இடம் இருந்தா...” என்று நிறுத்தினார். முதலாளி என்னைப் பார்த்தார்.

திரும்பினேன். இவர் வாசல் கதவில் கை வைத்திருந்தார்.

“நான் வெளிய...” என்றார்.

“எங்கயும் போகாதீங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தார். கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே டிவியில் வரைய ஆரம்பித்தேன். நான்கு சாயங்காலம் பிடித்தது கைக்கு மனப்பாடமாக இருந்தது. தண்டவாளம், பலகை, முன்பக்கக் கால். திருகுகளை விட்டுவிட்டேன். பாதியில் இவர் குரல் கேட்டது.

“அவ ஏற்கெனவே வரைஞ்சு வெச்சிருந்ததுதாம்மா இது. நான்தான் அழிக்கச் சொன்னேன். என் தப்பு.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையை உள்ளே தள்ளி, மறுபடி இழுத்துக் காட்டினேன். அந்த அம்மா நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, டிவி அருகே போய், பலகையை விரலால் தொட்டார்.

“என் உயரத்துக்குச் சரியா வருமா?”

“பதினெட்டு அங்குலம் போட்டிருக்கேம்மா. அன்னைக்கு நீங்க சாய்ஞ்சு நின்னீங்களே, அப்பவே கண்ணால அளந்துக்கிட்டேன்.”

முதலாளி எழுந்து என் பையிலிருந்து டேப்பை எடுத்தார். அந்த அம்மா பக்கத்தில் குனிந்து, தரையிலிருந்து முழங்கால் வரை பிடித்துப் பார்த்தார். பதினெட்டு. டேப்பைச் சுருட்டினார். என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் இவர் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே, “ஒரு டீ குடிக்கலாமா?” என்றார். வரைகிற வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மூன்று நாள் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

“பத்து நிமிஷம் விடுங்க” என்றேன்.

சரி என்றார். எங்கேயும் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.