‘கட் பண்ணு’ என்று அண்ணன் சொன்னது

என் அண்ணன் எலக்ட்ரீஷியன். ஆரணியில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள விசைத்தறிக் கூடங்களில் மோட்டார் எரிந்தாலும் ஒயர் கருகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நான் களம்பூரில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அண்ணனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வேலையோடு வந்தது. அதில் அவன் வாயில் எப்போதும் இருந்தது ‘கட்’. கரண்ட் கட். கூலியில் கட். ஞாயிறு பூசைக்கு வராவிட்டால், “இன்னிக்கு கட் அடிச்சிட்டேன்” என்பான். அம்மா காதில் அது ‘கட்டு’ என்றே விழும். ஒயரைக் கட்டச் சொல்கிறாயா அறுக்கச் சொல்கிறாயா என்று கேட்பாள். அவன் சிரிப்பான்.

அவன் செத்துப்போன அன்று வேலை செய்தது ஒரு முதலாளி வீட்டின் பின்பக்கம் இருந்த தறிக்கூடத்தில். மெயின் சுவிட்ச் வீட்டின் முன்பக்கம். ஒரு தறிக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. சேலைகளை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்ததால் மற்றத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே தறி ஓட்டுகிறவர் அண்ணனுக்குப் பழக்கமானவர். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுப் போனில் சொல்கிறேன், சொன்னதும் மெயினை கட் பண்ணு என்று அண்ணன் அவரை முன்பக்கம் அனுப்பியிருக்கிறான்.

அவன் ஏணியில் இருந்தபோது தெரு முழுவதும் கரண்ட் போய்விட்டது. தறிகள் நின்றுவிட்டன. இனி அவசரமில்லை என்று நினைத்த அவர், டீ வாங்கி வரட்டுமா என்று போனில் கேட்டிருக்கிறார். டீ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நீ கட் பண்ணு என்றிருக்கிறான் அண்ணன். அவர் போனை கட் பண்ணிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதெல்லாம் எங்களுக்கு உடனே தெரியவில்லை. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் அந்தத் தறிக்காரர் தூரத்திலேயே நின்றுவிட்டுப் போனார். விபத்து என்று எழுதி முடித்தார்கள். நான் லீவு முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன்.

ஏழாம் வகுப்பில் அன்று, ஒரே சொல்லுக்குப் பல அர்த்தங்கள் என்று ஒரு பயிற்சி. புத்தகத்தில் இருந்த சொல் ‘கட்’. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஹேர் கட், ஷார்ட் கட், கட்பீஸ் என்று ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். ஒரு பெண் எழுந்து, “எங்கப்பாக்கு ஆர்டர் கட் ஆயிடுச்சு டீச்சர், வூட்ல சும்மாதான் குந்திகினு கீறாரு” என்றாள். யாரோ போன் கட் என்றார்கள். எல்லாவற்றையும் போர்டில் எழுதினேன். கரண்ட் கட் என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

அந்த வாரக் கடைசியில் தறிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றவரை அண்ணி உள்ளே வரச் சொன்னாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார்.

“போனைத்தான் சொன்னாருன்னு நெனச்சேன் அண்ணி. மெயினைச் சொன்னாரா, இன்னாத்த சொன்னாருன்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியல.”

அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று உலுக்க வேண்டும்போல இருந்தது. போனில் அந்த வார்த்தையைக் கேட்டால் நானும் போனைத்தான் வைத்திருப்பேன் என்பதும் தெரிந்தது.

அண்ணி ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு கேட்டாள்.

“கடசியா பேசசொல்ல எப்டி பேசினாரு? கோவமாவா?”

“இல்ல அண்ணி. சாதாரணமாத்தான். சிரிச்சிகினுதான் சொன்னாரு.”

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். அவர் குழந்தைகளைப் பற்றிக் கேட்டாள். அவர் பதில் சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் அழுதார்.

அதன்பின் அவர் தறிக்குப் போகவில்லை. களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தைக்கிறார். சில நாள் ஒரே பஸ்ஸில் வருவோம். அவர் கும்பிடுவார், நானும் கும்பிடுவேன். பேச்சு அதற்குமேல் போனதில்லை.

கல்லறைத் திருநாளன்று அண்ணன் கல்லறையைச் சுத்தம் செய்து பூப்போட்டுக்கொண்டிருந்தோம். வெளிக் கேட்டருகே அவர் கையில் ஒரு மெழுகுவர்த்தியுடன் நின்றிருந்தார். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிற்கிறார் என்று அண்ணிதான் முதலில் புரிந்துகொண்டாள். என்னை அனுப்பி அழைத்து வரச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். அண்ணி இடத்தைக் காட்டினாள்.

காற்றில் சுடர் நிற்கவில்லை. அண்ணி குனிந்து முந்தானையை மறைப்பாகப் பிடித்தாள். அவர் மறுபடியும் தீக்குச்சியை உரசினார்.